உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதும் விசுவாசமே

இந்த வாரத் தியானப் பகுதி: எரேமியா 22:13–17, லூக்கா 14:28–30





வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். மழைக்காலம் முடிந்து, தை பிறந்து, அறுவடைப் பணம் கைக்கு வரும் நாட்களில் நம் வ. புதுப்பட்டியிலும் வத்திராயிருப்பு வட்டாரத்திலும் வானம் தோண்டும் வேலைகள் தொடங்கிவிடுகின்றன. அஸ்திவாரக் கல் வைக்கும் ஜெபத்துக்கு அழைப்புகள் வருகின்றன. மகிழ்ச்சியோடு போகிறோம், ஜெபிக்கிறோம். ஒண்டுக் குடித்தனத்திலும் ஒழுகும் கூரையின் கீழும் பிள்ளைகளை வளர்த்த ஒரு குடும்பம் தனக்கென்று நான்கு சுவர்களை எழுப்புவது தேவனுக்குப் பிரியமான காரியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. சிறையிருப்பில் இருந்த ஜனங்களுக்கே வீடுகளைக் கட்டிக் குடியிருக்கும்படி எரேமியா தீர்க்கதரிசி கடிதம் எழுதினார் (எரேமியா 29:5).

ஆனால் நம் ஊர்களின் தெருக்களைச் சற்றே நிமிர்ந்து பாருங்கள். லிண்டல் மட்டத்தோடு நின்றுபோன சுவர்கள் உண்டு. கூரை போட்டும் பூச்சு வேலை நடக்காமல், சன்னலுக்குச் சாக்கு கட்டி, அதற்குள்ளே குடியிருக்கும் குடும்பங்கள் உண்டு. என்றோ எழும்பப்போகும் மாடிக்கென்று மொட்டைமாடியில் நீட்டிவிடப்பட்டு, பத்து வருடமாக மழையில் நனைந்து துருவேறி நிற்கும் கம்பிகள் உண்டு. கோபுரம் கட்டத் தொடங்கி முடிக்க இயலாமற்போன மனுஷனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை நமக்குப் பாலஸ்தீனத்துக் கதையாக இருக்க வேண்டியதில்லை. அந்தக் கம்பிகள் நம் தெருவிலேயே நிற்கின்றன.

இந்த வீடுகள் ஏன் நின்றன? சோம்பலினால் நின்றவை மிகச் சிலவே. நோய், விளைச்சல் பொய்த்தல், வேலையிழப்பு ஆகியவற்றால் நின்றவை சில. அவற்றுக்கு நம் கண்ணீரும் உதவியும் உரியவை. எஞ்சிய பல வீடுகள் நின்றதற்குக் காரணம், தொடங்கும் நாளில் அளவு பார்க்காததே. அளவு பார்க்காததற்கு நாம் சொல்லும் காரணம்தான் இவ்வாரம் என்னை எழுதத் தூண்டுகிறது: “விசுவாசத்தோடே தொடங்குவோம், கர்த்தர் முடித்துத் தருவார்.”

பிரியமானவர்களே, இந்தச் சொல் பக்தியாக ஒலிக்கிறது. ஆனால் நம் ஆண்டவர் போதித்தது வேறு. முதலாவது உட்கார வேண்டும் என்றார். செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்றார். முடிக்கத் தன்னிடம் உண்டா என்று அறிய வேண்டும் என்றார். சீஷத்துவத்தின் விலையைப் போதிக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் அது. கணக்குப் பார்ப்பது அவிசுவாசமாக இருந்தால், அதை அவர் தம்மைப் பின்பற்றுவதற்கு ஒப்பிட்டிருக்கமாட்டார். தச்சர் வீட்டில் வளர்ந்தவருக்குப் பாதியில் நின்ற வேலையின் அவமானம் தெரிந்திருந்தது. ஆகவே நான் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன்: நம் வருமானத்துக்கும் தேவைக்கும் ஏற்ற சிறிய வீட்டைக் கட்டி முடித்து, கூலியைக் கொடுத்துத் தீர்த்து, கடன்காரனுக்குப் பயப்படாமல் அதில் உறங்குவதே விசுவாசத்தின் வீடு. நம்மால் தாங்கமுடியாத வீட்டைத் தொடங்கிவிட்டு அதை விசுவாசம் என்று அழைப்பது, நம் ஆசைக்குக் கர்த்தரை ஜாமீன் நிறுத்துவதாகும்.

எருசலேமில் ஒரு ராஜா இப்படிக் கட்டினான். யோசியாவின் குமாரனாகிய யோயாக்கீமின் கதையை இரண்டாம் இராஜாக்கள் 23-ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள். எகிப்தின் பார்வோன் அந்தத் தேசத்தின்மேல் நூறு தாலந்து வெள்ளியும் ஒரு தாலந்து பொன்னும் தண்டமாக விதித்திருந்த நேரம் அது. தண்டத்தைக் கட்ட ஜனங்களிடம் வரி பிரித்துக்கொண்டே, அந்த ராஜா தனக்கு விசாலமான மேலறைகளும், அகன்ற சன்னல்களும், கேதுரு மரப் பலகைகளும், சிவப்புப் பூச்சும் உள்ள மாளிகையை எழுப்பினான். வேலைசெய்தவனுக்குக் கூலி கொடுக்கவில்லை. அவனைப் பார்த்து எரேமியா கேட்ட கேள்வியின் சாரம் இதுவே: கேதுரு மரத்தில் போட்டி போடுவதால் நீ ராஜாவாகிவிடுவாயோ? உன் தகப்பனும் உண்டு குடித்து நன்றாக வாழ்ந்தான். ஆனால் அவன் நீதி செய்தான், எளியவனை விசாரித்தான். அதுவல்லவா என்னை அறிகிற அறிவு என்று கர்த்தர் கேட்கிறார்.

இந்த வேதபகுதியில் வீட்டுக்கு விரோதமாக ஒரு வார்த்தையும் இல்லை. தகப்பன் நன்றாக வாழ்ந்தான் என்று கர்த்தரே சாட்சி சொல்லுகிறார். குற்றம் மூன்று இடங்களில் இருந்தது: கடனில் கிடக்கும்போது பகட்டாகக் கட்டினான், பிறரோடு போட்டிக்காகக் கட்டினான், கூலியைப் பிடித்துவைத்துக் கட்டினான். கேதுருவின் இடத்தில் கிரானைட்டையும், சிவப்புப் பூச்சின் இடத்தில் முகப்பு எலிவேஷனையும் வைத்துப் பாருங்கள். பகுதி நமக்கு எழுதப்பட்டது போலவே இருக்கும்.

முதலாவது, அளவைப் பற்றி. நம்மைச் சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளில் 2024 முதல் நடைமுறைக்கு வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம், ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் வழங்குகிறது. வீட்டின் அளவு 360 சதுர அடி. பேரூராட்சிகளை உள்ளடக்கிய பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தில், நலிந்த பிரிவினருக்கான வீட்டின் உள்பரப்பு 30 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 323 சதுர அடி. இரண்டிலும் பணம் ஒரே தடவையில் வருவதில்லை. பேஸ்மட்டம், லிண்டல், கூரை என்று வேலை ஏற ஏறத் தவணையாக வருகிறது. சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. 360 சதுர அடிக்கான உதவியைப் பெற்றுக்கொண்டு 800 சதுர அடிக்கு வானம் தோண்டினால், முதல் தவணை அஸ்திவாரத்திலேயே தீர்ந்துபோகும். அடுத்த தவணைக்கு வேலை ஏறவேண்டும். வேலை ஏறப் பணம் வேண்டும். அப்போது வட்டிக்காரனின் கதவு மட்டுமே திறந்திருக்கும்.

அந்தக் கதவுக்குள் போகும் முன் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். மூன்று லட்சம் ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 9,000 ரூபாய் வட்டி மட்டுமே. முப்பத்து நான்காவது மாதத்தில் நீங்கள் கட்டிய வட்டி அசலைத் தாண்டிவிடும். அசல் அப்படியே நிற்கும். வங்கியில் ஆண்டுக்கு 9 விழுக்காடு என்றால், அதே தொகைக்கு முதல் மாத வட்டி 2,250 ரூபாய். பட்டாவும் வரைபட அனுமதியும் கேட்கிறார்களே என்று வங்கியைத் தவிர்க்கிறவர்கள், அந்தக் காகிதங்களைச் சேர்க்கும் அலைச்சலுக்கு அஞ்சி மாதம் 6,750 ரூபாயைக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். அதீத வட்டி வசூலைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் உள்ளது. ஆனாலும் கையெழுத்திட்ட வெற்றுத் தாளோடு சட்டத்தின் வாசலுக்குப் போகும் தைரியம் எத்தனை பேருக்கு வரும்? கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை என்று நீதிமொழிகள் 22:7 போதிப்பதை, வட்டி கட்டும் நாளன்று தெருவில் தலைகுனிந்து போகிறவர்கள் அனுபவித்து அறிவார்கள். மகளிர் குழுவில் பயிருக்கென்றும் மாட்டுக்கென்றும் வாங்கிய கடனைச் சுவருக்குள் புதைப்பதும் இதே வகைதான். மாடு பால் கறந்து தவணையைக் கட்டும், சுவர் கறக்காது. வெளியே உன் வயலை ஆயத்தப்படுத்திய பின்பு வீட்டைக் கட்டு என்ற பொருளில் நீதிமொழிகள் 24:27 அமைந்திருப்பது வீணாகவா?

இரண்டாவது, கூலியைப் பற்றி. கட்டட வேலைக்கு நம் பகுதியில் சனிக்கிழமை சம்பள நாள். அந்த மாலையில் கொத்தனாரும் சித்தாளும் கையை நீட்டி நிற்கும்போது, “அடுத்த வாரம் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் நாம் காணிக்கைத் தட்டில் போடும் பணம் யாருடையது? கூலிக்காரனின் கூலியை அன்று பொழுது போகுமுன்னே கொடுக்கவேண்டும் என்பது நியாயப்பிரமாணம் (உபாகமம் 24:15). பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 எச்சரிக்கிறது. அநியாயமாய்க் கட்டிய வீட்டின் சுவரிலிருந்து கல்லே கூப்பிடும் என்று ஆபகூக் 2:11 சொல்லுகிறது. கூலி பாக்கியோடு நடந்த பிரதிஷ்டையில் நாம் எத்தனை பாடல்களைப் பாடினாலும், அந்தக் கல்லின் சத்தம் அவற்றுக்கு மேலே கேட்கும். நம் சபையாரில் பலரே கொத்தனார்களாகவும் சித்தாள்களாகவும் இருக்கிறீர்கள்; நான் சொல்லுவது உங்களுக்கு நன்றாய் விளங்கும். வீடு கட்டுகிறவர்களே, உங்கள் வேலையாட்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தபின் கேட்பதில் பயனில்லை.

மூன்றாவது, போட்டியைப் பற்றி. “வீடு சிறிதாயிருந்தால் பெண் கொடுக்கமாட்டார்கள், சம்பந்தம் வராது” என்று பெற்றோர் சொல்லுவதை நான் அற்பமாக எண்ணவில்லை. ஊர் அப்படித்தான் பார்க்கிறது. ஆனாலும் கேட்கிறேன்: மாப்பிள்ளை வீட்டார் பார்த்துப் போகும் ஒரு மணி நேரத்துக்காக, வரப்போகும் மருமகளின் பத்து வருடத்தை அடகு வைக்கலாமா? வீட்டுக்கடனுக்காக இளையவனின் படிப்பு நின்றுபோனால், அந்தக் கூடத்தின் அகலத்தை அவன் எப்படிப் பார்ப்பான்? வாசலில் ‘யேகோவாயீரே’ என்று கல்லில் பொறித்துவிட்டு, சிமென்ட் கடைக்காரரைக் கண்டால் சந்துக்குள் ஒதுங்கிப்போனால், அந்தப் பெயர் யாரைக் குறித்துச் சாட்சி சொல்லும்?

சிறிய வீடு என்றால் தரக்குறைவான வீடு என்று யாரும் எண்ணவேண்டாம். தேவனுடைய பிரமாணம் புதுவீட்டின் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்கச் சொல்லுகிறது, ஒருவன் விழுந்து இரத்தப்பழி வராதபடிக்கு (உபாகமம் 22:8). முகப்பைக் குறித்து வேதம் பேசாமல், பிள்ளை விழாதபடி காக்கும் சுவரைக் குறித்துப் பேசுகிறது. அந்த வரிசையிலேயே நாமும் செலவு செய்வோம். கரிசல் மண்ணாயிருந்தால் அது மழையில் உப்பி வெயிலில் சுருங்கிச் சுவரைப் பிளக்கும். ஆகவே உறுதியான மண் தட்டும்வரை ஆழமாய்த் தோண்டுவதற்கே முதல் பணம் போகட்டும். ஆழமாய்த் தோண்டிக் கட்டியவனையே ஆண்டவர் புத்தியுள்ளவனாக நமக்குக் காட்டினார். மாடிப்படிக்கு முன்பாகக் கழிப்பறை கட்டப்படட்டும். நம் தாய்மாரும் பெண்பிள்ளைகளும் இருட்டும்வரை காத்திருக்கும் வேதனை அந்த வீட்டோடு முடியட்டும். எர்த் இணைப்பு சரியாக இருக்கட்டும். மேற்கு வெயில் விழும் சுவருக்கு நிழலும், எதிரெதிராகக் காற்றோடும் சன்னல்களும் இருக்கட்டும். இவை எவருக்கும் வெளியே தெரியாத செலவுகள். தெரியாத இடத்தில் உண்மையாயிருப்பதே நமக்குப் போதிக்கப்பட்டது.

எளிய குடும்பத்தின் வீடு சபையின் கவலையாக இருந்த ஒரு நீண்ட வரலாறும் நமக்கு உண்டு. திருநெல்வேலிச் சீமையில் விசுவாசத்தினிமித்தம் குடியிருப்பை இழந்தவர்களுக்காக 1799-இல் தாவீது சுந்தரானந்தம் நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊரே முதலூர். அதே சீமையில் ரேனியஸ் ஐயர் 1830-இல் தொடங்கிய தர்ம சங்கம், கிறிஸ்தவக் குடும்பங்கள் அச்சமின்றிக் குடியிருக்க நிலமும் வீடும் தேடிக் கொடுத்தது. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரமும் அந்நாளில் அந்தச் சீமையைச் சேர்ந்ததே. மேற்குக் கரையில் பாசல் மிஷன் 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. ஞானஸ்நானம் பெற்றதால் பிழைப்பை இழந்தவர்களுக்கு மிஷனின் தொழிற்கூடங்கள் வேலை கொடுத்தன. அங்கே செய்த ஓடுகள் ஏழைகளின் வீடுகளையும் மூடின. நம் பாட்டன்மார் வீட்டுக் கூரையிலிருந்த மங்களூர் ஓட்டுக்குப் பின்னே அப்படியொரு சபைச் சரித்திரம் இருக்கிறது.

நம் மலைக்கு அப்பால், கேரளத்தில் வாழ்ந்த லாரி பேக்கரையும் நினைவுகூருகிறேன். 1917-இல் இங்கிலாந்தில் பிறந்து, குவேக்கர் கிறிஸ்தவராக வாழ்ந்து, தொழுநோயாளருக்கு மருத்துவமனைக் கட்டடங்கள் அமைக்க 1945-இல் இந்தியாவுக்கு வந்தவர். போர்க்காலத்தில் பம்பாயில் காந்தியடிகளைச் சந்தித்தபோது, ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைக்கும் பொருட்களைக் கொண்டே நல்ல வீடு கட்டப்படவேண்டும் என்று அவர் கூறியதைத் தம் வாழ்நாள் முழுவதும் பேக்கர் பற்றிக்கொண்டார். செங்கல்லைப் படுக்கவைக்காமல் குத்தாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டுமுறையை அவர் பரப்பினார். ஏறக்குறைய கால்பங்கு செங்கல் மிச்சமாகும். நடுவிலுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கும். கூரைக் கான்கிரீட்டில் சுமை தாங்காத பகுதிகளில் பழைய ஓடுகளைப் பதித்து சிமென்ட்டைக் குறைத்தார். செங்கல்லுக்குப் பூச்சே வேண்டாம் என்றார். 2007-இல் திருவனந்தபுரத்தில் மறையும்வரை ஏழைக்கும் மீனவருக்கும் அப்படியே கட்டினார். சிக்கனம் அவருக்கு ஒரு வேலைநுட்பமாக மட்டும் இருக்கவில்லை. அது அவருடைய பக்தியாக இருந்தது. இம்முறைகளை அறிந்த கொத்தனார் கிடைத்தால் கேட்டுப் பாருங்கள். அறியாதவரை வைத்துச் சோதனை செய்யவேண்டாம்.

ஆகையால் சபையாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. இரண்டு மாடி வீட்டின் பிரதிஷ்டையில், “ஆண்டவர் இவர்களை எவ்வளவாய் ஆசீர்வதித்திருக்கிறார் பாருங்கள்” என்று பேசுகிறோம். ஓர் அறையும் அடுப்படியும் உள்ள வீட்டில், “இன்னும் பெரிதாய்த் தருவார்” என்று ஆறுதல் சொல்லுகிறோம். இந்த இரண்டு வாக்கியங்களே நம் ஜனங்களைக் கடனுக்குள் தள்ளுகின்றன என்பது என் கருத்து. கடனின்றி முடிந்த ஒற்றை அறை வீடு குறைவுபட்ட ஆசீர்வாதம் அல்ல. அங்கே நிறைவான ஸ்தோத்திரம் ஏறெடுக்கப்படட்டும். அஸ்திவார ஜெபத்துக்கு நாள் குறிக்கும் முன், சபையில் அனுபவமுள்ள ஒரு கொத்தனாரும், கணக்கு அறிந்த ஒருவரும், மூப்பர் ஒருவரும் அக்குடும்பத்தோடு உட்கார்ந்து மதிப்பீட்டைப் பார்க்கட்டும். நம் தாய்மார் உலை வைக்கும்போது எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசியால் எத்தனையோ ஊழியங்கள் நடந்திருக்கின்றன. அதே ஆவியோடு ஒரு சிறு வட்டியில்லா நிதியை ஒதுக்கி, விதவைகளும் நோயாளிகளும் பாதியில் விட்ட வீடுகளை வருடத்துக்கு ஒன்றாவது முடித்துக் கொடுப்போம். அந்த வேலை முடியும்வரை ஆலயத்தின் புதிய முகப்பு காத்திருக்கலாம். ஆலயத்தை மறந்து சொந்த வீட்டை மச்சுப்பாவினவர்களை ஆகாய் கடிந்துகொண்டார் என்பது மெய்யே. ஆனால் ஒழுகுகிற கூரையின்கீழ் இருக்கும் விதவையை அவர் கடிந்துகொள்ளவில்லை.

1854 முதல் இந்தச் சீமையின் வடபகுதியில் சுவிசேஷம் சொல்லி வந்த ராக்லண்ட் ஐயரும் உடன் ஊழியரும் கூடாரங்களில் தங்கி ஊர் ஊராகச் சென்றார்கள். 1858-இல் அவர் சிவகாசியில் மரித்தார். ஆபிரகாமும் கூடாரத்தில் குடியிருந்து, தேவன் தாமே கட்டி உண்டாக்கின நகரத்துக்குக் காத்திருந்தான் என்று எபிரெயர் 11-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. நாம் கூடாரத்தில் வாழ அழைக்கப்படவில்லை. நமக்குச் சுவரும் கூரையும் தேவை. எனினும் எந்தச் சுவரும் நம்முடைய இறுதி வாசஸ்தலம் அல்ல என்ற நினைவு, அதை எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்பதை நமக்குச் சொல்லித்தரும்.

இவ்வாரம் குடும்ப ஜெபத்தில் இவற்றைச் சிந்தியுங்கள். நாம் கட்டும் வீட்டுக்காக யாருடைய கூலியாவது பாக்கி நிற்கிறதா? இந்த வீட்டின் எந்தப் பகுதி நம் தேவைக்கு, எந்தப் பகுதி அடுத்தவர் கண்ணுக்கு? நம் தெருவில் பாதியில் நிற்கும் வீடு யாருடையது, அதை முடிக்க நாம் என்ன செய்யலாம்?

ஜெபம்: பரலோகப் பிதாவே, தலைசாய்க்க இடமில்லாதிருந்த உம்முடைய குமாரனை எங்களுக்குத் தந்தீரே. எங்களுக்கு ஏற்ற வீட்டைத் தாரும். அதற்கு மிஞ்சியதைக் கேட்கும் மனதை எங்களிடமிருந்து எடுத்துப்போடும். வீடு கட்டுகிற உமது பிள்ளைகளுக்குத் தெளிந்த கணக்கையும் நேர்மையான கையையும் அருளும். வேலைசெய்கிறவர்களை விபத்துக்கு விலக்கிக் காத்தருளும். பாதியில் நிற்கிற வீடுகளை உமது சபையின் கைகளால் முடித்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.